பதின்மூன்று சீட்டுகள்

மூன்று வருடமாகக் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு ஒருநாள்கூட மட்டம் போடாத சுண்டுவின் பெயர் கூடைப்பந்து அணிப் பட்டியலில் இல்லை. போன மாதம் வந்து சேர்ந்த மூன்று பேரின் பெயர்களும் இருந்தன. அதில் ஒருத்திக்குப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடக்கூட இன்னும் சரியாக வரவில்லை.

"அநியாயம்!" என்றாள் அணித்தலைவி.

"விடு வக்கீலு," என்றாள் சுண்டு.

தலைவி படிப்பது என்னவோ விலங்கியல். வாயைத் திறந்தாலே வாதம் என்பதால் வந்த பெயர் 'வக்கீல்'. ஐந்தடியைத் தொடாததால் சுண்டு, சுண்டு.

எல்லாம் 'ஏணி' அணியை விட்டுப் போனதால் வந்த வினை. ஆறடிக்கு மேல் ஓரங்குலம். அணி எடுக்கும் புள்ளிகளில் பாதி அவள் கையிலிருந்து விழுந்தவை. இன்னொரு பல்கலைக்கழகம் கூப்பிட்டதும், போட்டிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மிச்சமிருந்த பத்துப் பேரோடு மூன்று நெட்டைப் பெண்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார் பயிற்சியாளர். ஆகப் பதின்மூன்று. பட்டியலில் இடம் பன்னிரண்டு பேருக்கு.

வக்கீல் சும்மா இருப்பாளா? உடை மாற்றும் அறையிலேயே பச்சை மைப் பேனாவை எடுத்து மனு எழுதினாள். 'சுண்டு இல்லாமல் நாங்கள் இல்லை.' பத்தே நிமிடத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், புதிதாக வந்த மூன்று பேர் உட்பட. சுண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு. நீயும் வா."

"நான் எதுக்கு? நீ மட்டும் போயேன்."

"உன் மூஞ்சியைப் பார்த்து அவர் பதில் சொல்லட்டும்."

பயிற்சியாளர் தன் அறையில் புதுச் சட்டைகளை எண் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். தலைவியைப் பார்த்ததும் வாதத்துக்குத் தயாரானவர், பின்னால் நின்ற சுண்டுவைப் பார்த்ததும் குனிந்துகொண்டார்.

"நீ ஏன்மா வந்தே?"

"நான்தான் சார் இழுத்துட்டு வந்தேன். அவகிட்ட என்ன குறை?"

"குறைன்னு ஒண்ணும் இல்லை."

"பின்னே? ஃப்ரீ த்ரோ பத்துக்கு ஒன்பது போடுறா. ஏணிக்கே ஆறு தாண்டாது. காலையில தரையைத் துடைக்கிறது இவ. பந்துக்குக் காத்தடிக்கிறது இவ. எனக்குக் கணுக்காலுக்கு டேப் சுத்துறது இவ. இதுக்கெல்லாம் வேணும், ஆட மட்டும் வேண்டாமா?"

"என் முடிவும்மா. அவ்வளவுதான்."

"உங்க முடிவா? அப்போ எங்ககிட்ட எதுக்கு சீட்டு எழுதி வாங்கினீங்க?"

போன வாரம் பதின்மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சீட்டு கொடுத்திருந்தார். 'கடைசி இரண்டு நிமிஷம். ஒரு புள்ளி பின்னால இருக்கோம். உன்கூடக் களத்துல யார் நிக்கணும்? நாலு பேரை எழுது. பேசிக்கக் கூடாது.'

"பெரிய ஜனநாயகவாதி மாதிரி எழுதி வாங்கினீங்களே, அந்தச் சீட்டை மதிச்சீங்களா? இல்லே மூக்குச் சிந்திப் போட்டீங்களா?"

சுண்டு அவள் கையைக் கிள்ளினாள்.

பயிற்சியாளர் சட்டையின் மடிப்பை நீவினார்.

"சீட்டை நான் பிரிக்கவே இல்லை. எங்கேயோ வெச்சுட்டேன். போதுமா?"

வக்கீலுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனால், சுண்டுவின் முகம் ஏனோ தெளிந்தது.

"பார்த்தியா, பிரிக்கவே இல்லையாம்! இதுக்குப் பேர் என்ன சார், பயிற்சியா, சர்வாதிகாரமா?"

"எந்தப் பேர் வேணும்னாலும் வெச்சுக்கோ."

"இந்தாங்க மனு. பன்னிரண்டு கையெழுத்து. இதையும் எங்கேயாவது வெச்சுத் தொலைச்சுடாதீங்க."

"பன்னிரண்டுமா?" என்று வாங்கியவர், ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

"போதும் வக்கீலு," என்றாள் சுண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாருக்கு நான் வேண்டாம். உங்க எல்லாருக்கும் வேணும். எனக்கு அது போதும். நான் போய் டேப் எடுத்து வெக்கிறேன், சீக்கிரம் வா. நேத்தே உனக்குக் கால் வீங்கியிருந்துது."

அவள் போனாள். பயிற்சியாளர் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்படிப்பட்டவளைக் கழிச்சுக் கட்ட உங்களுக்கு எப்படி சார் மனசு வந்தது?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பதின்மூன்று சீட்டுகள். எல்லாம் பிரித்து, திரும்ப மடித்தவை.

"ஒரே ஒரு சீட்டுல அவ பேர் இருந்தாப் போதும், சேர்த்துடலாம்னுதான் உக்காந்தேன். அவ முன்னாடி இதை எப்படிச் சொல்றது?"

வக்கீல் ரப்பர் பேண்டைக் கழற்றப் போனாள்.

"அவ சீட்டுல முதல் பேரே உன்னோடதுதான்மா. நீயாவது அவ பேரை எழுதியிருப்பேன்னு, பச்சை மைச் சீட்டைத்தான் கடைசியா பிரிச்சேன்."