பூசைக்குப் போகாத பஸ்

"கிறிஸ்மஸ் காலையில பூசைக்குப் போகாம பேராதனைப் பூந்தோட்டத்துக்கா? நீங்கல்லாம் வேதக்காரங்கதானா?"

ஷாமலா கேட்டேவிட்டாள். மனதில் வைத்துப் புழுங்குகிற ரகம் இல்லை அவள்.

கண்டி மஹய்யாவவில் அவளுக்கு மாடி வீடு. மேல்மாடியில் பாய் போட்டால் ஒரு சின்ன பஸ் ஆட்கள் தாராளமாகப் படுக்கலாம். சுற்றுலா வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விட்டு, அவளே சமைத்தும் போடுவாள். கிறிஸ்மஸுக்கு முதல்நாள் சாயந்தரம் யாழ்ப்பாணக் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எல்லார் கழுத்திலும் சிலுவை. அட, நம்ம ஆட்கள் என்று அவளுக்கு வாய்கொள்ளாச் சந்தோஷம்.

அது கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை.

டூருக்குப் பொறுப்பான எஸ்ரன் வந்ததும் வராததுமாக, "அக்கா, குறை நினைக்காதைங்கோ. அந்தக் கரோல் பாட்டை நிப்பாட்டுவீங்களோ? வாசல் நட்சத்திர லைற்றையும் நூத்துவிட்டா நல்லம்" என்றான்.

போனால் போகிறது என்று நிறுத்தினாள். கேக் தட்டோடு மேலே போனாள். "இந்தமுறை நாங்கள் பலகாரம் தொடுறதில்லை அக்கா" என்று திருப்பி அனுப்பினான். அதையும் பொறுத்துக்கொண்டாள். பூசையும் இல்லை என்றதும்தான் வாயைத் திறந்தாள்.

எஸ்ரன் மாடிப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மெல்லக் கதையுங்கோ அக்கா. பஸ்ஸால கடைசியா இறங்கின டொரதியக்காவைப் பாத்தனீங்களோ? அவவின்ர மனுசன் பற்றிக் அண்ணை இந்த வருசம் ஈஸ்ரருக்கு முன்னால, தபசு காலத்தில கடலுக்குப் போன இடத்தில நெஞ்சு நொந்து செத்துப்போனார்."

"ஐயோ!"

"எங்கட ஒழுங்கைக்கு அவர்தான் நத்தார் பப்பா. சிவப்புச் சட்டையும் பஞ்சுத் தாடியுமா வீடுவீடா ஆடிக்கொண்டு வருவார். பாட்டுக்காரர் எல்லாம் அவருக்குப் பின்னால. அவர் இல்லாத நத்தாரை அந்த மனுசி எப்பிடித் தாங்கும்? கண்டி பாக்க ஆசை, நத்தாருக்கு அங்க போகப்போறன் எண்டு அவவே வாய்விட்டுச் சொன்னா. தனிய விடலாமோ? எங்களுக்கும் டூர் போக ஆசையெண்டு சொல்லி, ஒழுங்கையே கிளம்பி வந்திட்டம். பூசைக்குப் போனாப் பாட்டைக் கேட்டு அவ உடைஞ்சுபோவா. தனக்காகத்தான் இவ்வளவும் எண்டு அவவுக்குத் தெரியக்கூடாது அக்கா."

சே, இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தன்னையே திட்டிக்கொண்டு ஷாமலா அடுப்படிக்குப் போனாள். அவள் தெருவில் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாலே சண்டைக்கு வருவார்கள். ஒரு மனுஷிக்காக ஒரு தெருவே கிறிஸ்மஸை விட்டுவிட்டு வருமா? வந்திருக்கிறதே!

"தங்கச்சி, கொஞ்சம் சுடுதண்ணி எடுக்கலாமோ?"

டொரதிதான். உள்ளே வந்தவள் கதவைப் பாதி சாத்தினாள்.

"எஸ்ரன் உங்களிட்ட என்ன சொன்னவன்?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா. பூந்தோட்டம் எப்ப தொறப்பாங்கன்னு கேட்டாரு."

ஷாமலாவுக்குப் பொய் சொல்லவே வராது. முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. டொரதி சிரித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. நான் வீட்டில இருந்தா, என்ர முகத்தைப் பாத்து ஒருத்தரும் நத்தார் கொண்டாடாயினம். பிள்ளையள் பாவம். நான் எங்கயும் போய்த் துலைஞ்சா அதுகள் பாட்டும் பலகாரமுமாச் சந்தோசமா இருக்குங்கள் எண்டுதான் கண்டிக் கதையை எடுத்தனான். பாத்தா இந்த விசருகள் ஒழுங்கையோட பஸ் ஏறிட்டுதுகள்!"

சிரித்துக்கொண்டே சொன்னவள் அழுதுவிட்டாள். ஷாமலாவும்தான்.

"பூசைக்குப் போவம் எண்டு இப்ப நான் சொன்னா, தங்களுக்காகச் சொல்லுறன் எண்டு ஒருத்தரும் அசையமாட்டினம். பூசை இல்லாம அதுகளுக்கு நத்தார் போகப்படாது தங்கச்சி. நீங்கதான் கொஞ்சம் பொல்லாதவ ஆகவேணும்."

"ஐயோ, நானா? எனக்கு அதெல்லாம் வராதுங்க அக்கா."

"வரும், வரும். எஸ்ரனுக்கு நீங்க ஏசினதை நான் படியில நிண்டு கேட்டனான்."

மறுநாள் காலை. எல்லாரும் ஏறி, பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஷாமலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலை மறித்தாள்.

"இந்தா பாருங்க, நல்ல நாளும் அதுவுமா பூசை பாக்காதவங்களுக்கு என் வீட்டுல பகல் சோறு கெடையாது. கோயில் பக்கத்துலதான். எறங்குங்க எல்லாரும்!"

எஸ்ரனின் முகம் செத்துப்போனது. "அக்கா, நேற்று நான் அவ்வளவு சொல்லியும்..."

"எல்லாம் கேட்டேன். எறங்குங்க!"

எல்லாக் கண்ணும் டொரதியின் மேல். அவள் முதல் ஆளாக எழுந்தாள்.

"பொல்லாத மனுசிதான். என்ன செய்யிறது? பிள்ளையளைப் பட்டினி போடேலுமோ? வாங்கோ, பூசைக்குப் போவம்."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடினார்கள்.

கடைசியாக இறங்கிய எஸ்ரன் ஷாமலாவை எரித்துவிடுவதுபோலப் பார்த்தான். "உங்களுக்கு இரக்கமே இல்லையோ அக்கா?"

"இல்லீங்க" என்றாள் ஷாமலா, வாயெல்லாம் பல்லாக.