எட்டுக்கு ஒன்று

"லோர்னைக் கொடுத்துட்டு ஐஸ் மெஷினை வாங்குறதா? நான் உயிரோட இருக்கற வரைக்கும் நடக்காது!"

ஹோட்டல்கார மெர்வ் மேசையைக் குத்தினார். காபிக் கோப்பைகள் குதித்தன.

எங்கள் ஹால்பெக் ஊர் ஐஸ் ஹாக்கி டீமின் அவசரக் கூட்டம் அது. கமிட்டியில் மொத்தம் ஒன்பது பேர். நான் செயலாளர். டீம் கேப்டன் என்கிற முறையில் லோர்னும் ஒரு மெம்பர். எந்த ஆளைக் கொடுப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோமோ, அந்த ஆளே எதிரில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். மைதானத்து ஐஸை வழவழப்பாக்கும் மெஷின் அக்டோபரில் உயிரை விட்டது. கமிட்டி மெம்பர் யூஜின் தன்னுடைய புல்வெட்டும் டிராக்டருக்குப் பின்னால் வெந்நீர்ப் பீப்பாயைக் கட்டி இழுத்துப் பார்த்தார். ஐஸ் உழுத வயல் மாதிரி ஆனதுதான் மிச்சம். கிறிஸ்துமஸுக்குள் சரிசெய்யாவிட்டால் மைதானத்தை மூட வேண்டும் என்று லீக்கில் சொல்லிவிட்டார்கள். மூடினால் எங்கள் பிள்ளைகள் ஸ்கேட் பண்ண எண்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

பக்கத்து ஊரான வெஸ்ட்ரினில் ஒரு பழைய மெஷின் சும்மா நின்றது. விற்க மாட்டார்களாம்.

"உங்க லோர்னைக் கொடுங்க. மெஷினை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்கள்.

லோர்ன் எங்கள் வலது விங்கர், அதாவது வலது ஓரத்தில் ஓடிக் கோல் போட வேண்டியவன். ஒரு காலத்தில் பெரிய லீக்கில் இரண்டு வருஷம் ஆடியவன். அவன் பேரைச் சொன்னாலே டிக்கெட் போகும். ஆனால் இப்போது வயது நாற்பத்திரண்டு. அவனை வைத்துக்கொள்ள வாடகையில்லா வீடு, வருஷத்துக்கு ஒரு முழு மாட்டு இறைச்சி, மெர்வ் ஹோட்டலில் தினம் ராத்திரி ஸ்டேக் என்று ஊர் அழுதுகொண்டிருந்தது. இந்த சீசனில் அவன் போட்டது நாலு கோல். அதில் ஒன்று எங்கள் கோலுக்குள்ளேயே.

இரண்டு தரப்பும் ஏற்கெனவே சரக்கைப் பார்த்தாகிவிட்டது. அவர்கள் லோர்னை முழங்காலை மடக்கச் சொன்னார்கள். 'கடக்' என்று சத்தம் வந்தது. நாங்கள் மெஷினைக் கிளப்பிப் பார்த்தோம். மூன்றாவது உதைக்குத்தான் உறுமியது.

"கொஞ்சம் ஒழுகும்" என்றார் அவர்கள் தலைவர்.

"இவனுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்றார் யூஜின்.

இப்போது லோர்ன் டோனட்டை விழுங்கிவிட்டுக் கையைத் தூக்கினான். "இதுல பேச என்ன இருக்கு? என் ஓட்டு மெஷினுக்குத்தான். சீட்டு எழுதிப் போட்டு முடிச்சிடுவோம்."

"எப்படிப்பா எங்களுக்கு மனசு வரும்?" என்று கமிட்டித் தலைவி டார்லீன் மூக்கைச் சிந்தினாள்.

"நீ இந்த ஊரோட ரத்தம்டா" என்றார் யூஜின்.

சீட்டு எழுதினோம். ஒரு ஹெல்மெட்டில் போட்டோம். நான் பிரித்து எண்ணினேன்.

கொடுக்கலாம் எட்டு. வேண்டாம் ஒன்று.

உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்ற மெர்வ், நல்ல ஆரோக்கியத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு எழுதின அந்தப் புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்" என்றாள் டார்லீன்.

சனிக்கிழமை மத்தியானம் பிரிவு விருந்து. உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை, பூண்டு சாசேஜ், பெரிய கேக். கேக் ஐஸ் மெஷின் வடிவத்தில் இருந்தது.

"பேக்கரியில தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றாள் டார்லீன்.

நான் கோட்டு மாட்டும் அறையில் என் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். மெர்வ் லோர்னை அங்கே தள்ளிக்கொண்டு வந்தார். கோட்டுகளுக்குப் பின்னால் நான் இருப்பது தெரியவில்லை.

"வெளியில சொல்லிடாதே லோர்ன். அந்த ஒரு 'வேண்டாம்' நான் எழுதினதுதான்."

"எனக்குத் தெரியாதா மெர்வ்!" லோர்ன் அவரைக் கட்டிக்கொண்டான்.

அவர் போனதும் யூஜின் வந்தார். அவர் எழுதியதும் 'வேண்டாம்'தானாம். அவருக்கும் ஒரு கட்டிப்பிடிப்பு. பிறகு டார்லீன் அவனோடு டான்ஸ் ஆடும்போதே அவன் காதில் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் என் வண்டியில்தான் அவனைக் கூட்டிப் போனேன். பின்னால் காலி டிரெய்லர். போகும்போது லோர்ன், வரும்போது மெஷின்.

வெஸ்ட்ரின் மைதான வாசலில் அவன் பையையும் மட்டைகளையும் இறக்கி வைத்தான். மைனஸ் முப்பது குளிர். இருபது வருஷம் எங்களுக்காக ஓடியவன், ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு நின்றான். நான் வண்டியை விட்டு இறங்கி அவன் பக்கத்தில் போனேன்.

"லோர்ன்... அந்த ஒரு சீட்டு..."

"ம்?"

"அது நான்தான்டா."

கையுறையோடு என் தோளைத் தட்டினான். "நீதான் எட்டாவது ஆளு, கிளென்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மத்த ஏழு பேரும் புளுகுறாங்கடா! எண்ணினவன் நான். என் எழுத்து எனக்குத் தெரியாதா?"

லோர்ன் சிரித்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எட்டுப் பேரும்தான் புளுகினீங்க. அந்தச் சீட்டு நான் போட்டது. அந்த ஒரு 'வேண்டாம்' கூட இல்லேன்னா, உங்கள்ல ஒருத்தராவது நேத்து என் முகத்தைப் பார்த்திருப்பீங்களா?"