இரண்டு விரல் இடைவெளி

சிகிச்சைக்குப் பிறகு உடம்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டும் கண்ணாடி ஒன்று அந்த கிளினிக்கில் இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் அது பொற்கொடிக்குக் காட்டிய மார்புகள் நடுவில் ஒட்டி நின்றன. கட்டுப் பிரித்தபோது நடுவே இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது.

"உங்க நெஞ்செலும்பு அகலம்மா. எந்த டாக்டராலயும் அதைக் குறைக்க முடியாது," என்றார் டாக்டர் மகுடபதி.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"கண்ணாடி சும்மா ஒரு ஆசைக்குத்தாம்மா."

பொற்கொடி சண்டை போடவில்லை. சிகிச்சை முடிந்து தன் முன்னால் வந்து நிற்பவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கண்ணாடி கற்றுக்கொள்ளும். டாக்டர் எடுப்பாக அமைந்தவர்களை மட்டுமே அங்கே நிறுத்துவார். அவர் ஆபரேஷனில் இருக்கும் நேரமெல்லாம் இவள் வந்து, கண்ணாடி அறையைத் தாழிட்டு, ரவிக்கையை அவிழ்த்துவிட்டு நின்றாள். தன்னைப்போல ஏமாந்தவர்களையும் ஒவ்வொருத்தியாகக் கூட்டி வந்து நிறுத்தினாள்.

ஆவணியில் ஒரு கல்யாணப் பெண் அந்த அறையிலிருந்து முகம் வெளுத்து வெளியே வந்தாள். "டாக்டர், நடுவுல இவ்வளவு இடைவெளி காட்டுதே! எனக்கும் இப்படித்தான் வருமா?"

காத்திருந்த பெண்கள் கைப்பையோடு எழுந்தார்கள். டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது.

மூலை நாற்காலியில் இருந்த பொற்கொடி நிதானமாகக் கேட்டாள்: "ஏன் டாக்டர் பதறுறீங்க? கண்ணாடி சும்மா ஒரு ஆசைக்குத்தானே?"