சுவருக்குத்தான் சுட்டது

சூரியனைப் போன்ற நெருப்பை விஞ்ஞானிகள் ஒரு பெரிய பெட்டிக்குள் மூட்டினார்கள். அது பெட்டியின் சுவரைத் தொடாமல் நடுவிலேயே நிற்கும்படி பிடித்து வைப்பது காந்தத்தின் வேலை. ஒரு கணம் பிடி நழுவியது. நெருப்பு எகிறிச் சுவரைப் பொசுக்கியது.

"இவ்வளவு நேரம் நின்றதே சாதனை!" என்று விஞ்ஞானிகள் காந்தத்துக்கு மாலை போட்டார்கள்.

சுவர் கொதித்தது. "பிடியை விட்டது நீ. மாலை உனக்கு, சூடு எனக்கா?"

"சுவரைக் காப்பாத்துறது எதிர்கால ஆராய்ச்சிப்பா. பொறுத்துக்க," என்றது காந்தம்.

"எதிர்காலமா? எனக்கு இப்பவே எரியுதுய்யா!"

எதிர்காலமும் வந்தது. வெந்த சுவரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுச் சுவரை மாட்டினார்கள்.

"அண்ணே, ரொம்பச் சுடுமா?" என்று அது கேட்டது.

காந்தம் கொஞ்சமும் கூசாமல் சொன்னது: "அதெல்லாம் எதிர்கால ஆராய்ச்சி, தம்பி."