ஆளு இருக்கு

பதினெட்டு வருடமாக அனிமேஷன் குறும்படங்கள் வரைந்தே விரல் காய்த்துப்போனவள் ஜெஸிந்தா. இது ஒன்பதாவது படம், முதல் வி.ஆர். படம். கண்ணை மறைக்கும் கருவியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால், ஓடும் பேருந்துக்குள் இருப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே கடல். பக்கத்தில் மீன்கூடையோடு ஒருத்தி நிற்பாள். நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்தால் மட்டும் உட்காருவாள். அவள் உட்காருவதை வரையவே நான்கு மாதம் ஆனது. குறும்பட விழாவின் மூன்று நாளும் வந்தவர்களோ, “கடல் அபாரம் மேடம்” என்று கை குலுக்கிவிட்டுப் போனார்கள். கடல் ரெடிமேடாக விலைக்கு வாங்கியது.

கடைசி நாள் பெஞ்சைத் திரும்ப எடுத்துப்போக வந்த பந்தல்காரர் சுயம்பு, “நானும் ஒருதரம் பாக்கட்டுமா?” என்று கருவியை மாட்டிக்கொண்டார். கடல் பக்கம் திரும்பவே இல்லை.

“யக்கா, சொமையோட ஏன் நிக்கிய? இப்பிடி உக்காருங்க” என்று பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

ஜெஸிந்தாவின் மடிக்கணினித் திரையில் கூடைக்காரி முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, பெருமூச்சோடு உட்கார்ந்தாள். மூன்று நாளாக நின்றுகொண்டே இருந்த ஜெஸிந்தா, பெஞ்சில் காலியாகக் கிடந்த இடத்தில் அப்படியே உட்காரப்போனாள்.

கருவியைக் கழற்றாமலே சுயம்பு கையை நீட்டித் தடுத்தார். “பாத்தும்மா, ஆளு இருக்கு.”

“கவனிக்கலண்ணே” என்று ஜெஸிந்தா விலகி நின்றாள். சிரிப்பு வந்தது. ஒரு கையை மேலே உயர்த்தி, அங்கே இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.