இடப்பக்கம் விழுந்த துளை

“கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் அறுத்தீங்களாண்ணே?”

தையல்கடை செவ்வந்தி போட்ட சத்தத்தில், ஒரத்தநாடு கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

துணி வெட்டும் மேசையில் பள்ளம் அறுத்து, புதிதாக வாங்கிய பவர் தையல் மெஷினை உட்கார வைக்க வேண்டும். அதுதான் தச்சர் இராஜாங்கத்துக்குக் கொடுத்த வேலை. மெஷினுக்குச் சக்கரம் வலப்பக்கம். மோட்டார் பெல்ட் இறங்கும் துளையை அவர் அறுத்து வைத்திருந்ததோ இடப்பக்கம்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா? நர்சரி பள்ளி நடத்தும் அனுராதா டீச்சர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நூற்றெண்பது பிள்ளைகளுக்கு யூனிபார்ம். பவர் மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர் என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் செவ்வந்தி மெஷினே வாங்கினாள்.

“சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னுகூடவா தெரியாது?”

“தப்புதான் தங்கச்சி. துண்டு ஒட்டி நாளைக்கே மாத்தி அறுத்துடறேன்.”

“கூலி?”

“வேண்டாம்.”

“பலகை?”

“என்னோடதே போட்டுக்கறேன்.”

அரை அங்குலத்துக்கு அரை நாள் சண்டை போடுகிற மனுஷன், சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கோபத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

டீச்சர் சிரித்தபடி எழுந்தார். “இவ்வளவு கறாரா இருக்கீங்க. எங்க பிள்ளைங்க சட்டையில ஒரு தையல் பிசகாது. மெஷின் நாளைக்கு ஓடட்டும், ஆர்டர் உங்களுக்குத்தாங்க.”

இராஜாங்கத்தை ஒரு பார்வை பார்த்தார். “ஸ்கூல் பெஞ்சு வேலையை இவர்கிட்ட கொடுக்கறதா இருந்தேன். நல்லவேளை, தப்பிச்சேன்.”

இராஜாங்கம் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஸ்கூட்டரை எடுக்கப் போனதும் செவ்வந்தி குரலைத் தாழ்த்தினாள். “பெஞ்சு வேலையும் போச்சு. ஒரு வார்த்தை பேசறதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?”

“என்னத்தப் பேசறது? ஜாக்கெட் துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டு வரையற பழக்கத்துல, மெஷினையும் கவுத்துப் போட்டு பேப்பர்ல வரைஞ்சு கொடுத்துட்டீங்க. வலது இடதாயிடுச்சு.”

“அன்னைக்கே கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டேன். ‘அளவெடுக்கறவளுக்கே அளவு சொல்லித் தர்றீங்களா, வரைஞ்சபடி அறுங்க’ன்னீங்க.”

“அதை... டீச்சர் முன்னாடி சொல்ல வேண்டியதுதானே?”

“தையக்காரம்மாவுக்கே வரையத் தெரியலன்னா, நூத்தியெண்பது சட்டையை யாரு நம்பிக் கொடுப்பா? விடுங்க தங்கச்சி.”

வெளியே ஸ்கூட்டர் உறுமியது. செவ்வந்தி செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

“டீச்சர், நில்லுங்க. தப்பா வரைஞ்சு கொடுத்த கிறுக்கி நான்தான். சட்டையை யார்கிட்ட வேணாக் கொடுங்க, பெஞ்சை எங்கண்ணன்கிட்டயே கொடுங்க.”

திட்டியதைவிட ஒரு சுருதி கூடவே இருந்தது, சத்தம்.