டம்மிதானே!

“ஏத்தின ஒலிப்பதிவை அழிக்க முடியாதுன்னா முடியவே கூடாது! நானே வந்து கேட்டாலும் அழியக் கூடாது. புரியுதா?” என்று கத்தினார் புதிய ஒலிக் காப்பகத்தின் மேலாளர்.

“புரியுது சார். ஆனா பழைய ஒலிநாடா எதுவும் இன்னும் வந்து சேரலை. எதை ஏத்திச் சோதிச்சுப் பாக்கறது?” என்றாள் கணினியைக் கவனிக்கும் பெண்.

“அதையும் நான்தான் சொல்லணுமா? கைக்குக் கிடைச்சதைப் போட்டு ரொப்பு. டம்மிதானே! மரம் மாதிரி நிக்காம போய் வேலையப் பாரு.”

அந்த மாதம் முழுக்க அவர் கூப்பிட்டுத் திட்டியதையெல்லாம் அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அவர் அறைக்குப் போகும்போது கைபேசியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போனாள்.

திறப்பு விழாவுக்கு நிறுவனத் தலைவி வந்தார். கூடம் நிறைந்திருந்தது.

“ஏதாவது ஒண்ணு போட்டுக் காட்டும்மா” என்றார்.

அவள் கணினியில் முதல் ஒலிக்கோப்பைத் தட்டினாள். ஒலிபெருக்கியில் மேலாளரின் குரல் அதிர்ந்தது.

“மூளைய வீட்லயே கழட்டி வெச்சிட்டு வர்றியா? உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?”

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

“இது மாதிரி இன்னும் இருக்கா?” என்றார் தலைவி.

“நிறைய இருக்கு மேடம். எல்லாம் சார் குரல்தான்.”

“அழி! முதல்ல அதை அழி!” என்று பாய்ந்து வந்தார் மேலாளர்.

அவள் எல்லோரும் பார்க்க அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘அனுமதி இல்லை’ என்றது திரை. முதல்முறையாக நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

“நீங்களே வந்து கேட்டும் அழியலை சார். சோதனை முடிஞ்சது.”